தூங்காத மேல் மாடி

ஜூன் 4

அன்புள்ள கண்ணுவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது அப்பாதான். மேல் மாடியில் தங்கியிருக்கும் ஓட்டுநர் இல்லை, நம் விடுதிச் சமையல்காரர் இல்லை. யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுதிக்கொடுக்க வேறு யாருக்கும் மனசு வராது.

நூலகத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் போய்ச் சேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, நடுவில் ஓடிவந்துவிட்டால் அசிங்கம் என்று. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் ‘படியில் நிற்காதே’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக நான் அதற்குக் கீழேதான் நின்றுகொண்டு போயிருக்கிறேன்.

நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபம்தான், மறைக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது, “இந்த வயசுல மூணு மாடி ஏறி என்ன சாதிக்கப் போறீங்க, விட்டுட்டு என்கூட வந்துடுங்க” என்றாய். அது அக்கறை. அதன் பிறகு “வெறும் பெருக்குற வேலை” என்றாயே, அது மட்டும் தொண்டையில் நிற்கிறது. இந்த விடுதிக்கு நான் மேனேஜர். பெருக்குவதும் நான்தான், அது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுதிக்குச் சொந்தக்காரரான வீட்டுக்கார அம்மா போன வாரம் வந்தார். நான் மேல் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டார். “முடியலேன்னா சொல்லிடுங்க, அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். முட்டியிடம் இன்னும் கேட்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்த காரணம் இதெல்லாம் இல்லை. வகுப்பில் எல்லோரும் ஒரு கட்டுரை எழுதிப் படிக்க வேண்டுமாம். தலைப்பு ‘என் பிள்ளையின் வேலை’. டீச்சர் என்னிடம், “உங்க பொண்ணு என்ன வேலைங்க ஐயா?” என்றாள். “கம்ப்யூட்டர்” என்றேன். “கம்ப்யூட்டர்ல என்ன வேலை?” என்றாள். கொஞ்ச நேரம் யோசித்து, “உள்ளே” என்றேன். வகுப்பே சிரித்தது.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பெரிய எழுத்தில் எழுது. சேர்த்துச் சேர்த்து எழுதாதே, எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன.

இப்படிக்கு,
அப்பா (நானே எழுதியது)


ஜூன் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ சின்னப் பிள்ளை என் முகவரிக்குத் தப்பாக அனுப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரித்த பிறகு அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

‘பெருக்குற வேலை’ என்று சொன்னது தப்பு. வாபஸ். வேலையை விடுங்கள் என்று சொன்னது வாபஸ் இல்லை.

நீங்கள் வகுப்பில் சொன்ன பதில் சரிதான், என் வேலை உள்ளேதான். கம்ப்யூட்டர் ஓடும்போது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் நினைவகம் என்ற இடத்தில் வைத்திருக்கும். அதை நம் விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் தளமாக, அறை அறையாக இருக்கும். ஓர் அறையில் ஒரு விஷயம் தங்கினால், அது மறந்துபோகாமலிருக்க மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அறைக்கு ஒரு சுவிட்ச் கிடையாது. தளத்துக்கு ஒரு சுவிட்ச்தான். ஒரு தளத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் தளம் முழுக்க மின்சாரம் ஓடும்.

யாரை எந்த அறையில் தங்கவைப்பது என்று முடிவு செய்கிற மேனேஜருக்குக் கெர்னல் என்று பெயர். அவரும் உங்களைப் போலத்தான். வருகிறவர் கேட்டால் காலியாக இருக்கும் ஏதோ ஓர் அறையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் மேலே ரெண்டு பேர், கீழே ஒருவர், நடுவில் மூன்று பேர் என்று சிதறிவிடுவார்கள். எந்தத் தளமும் காலியாகாது, எந்தத் தளத்தையும் அணைக்க முடியாது.

அந்த மேனேஜருக்குப் புத்தி சொல்வதுதான் என் வேலை. சிதறியவர்களை ஒரு பக்கமாகச் சேர், காலியான தளத்தைத் தூங்க வை என்று எழுதிக்கொடுக்கிறேன். அது சரியாக நடந்தால் கைபேசியில் பேட்டரி இன்னும் கொஞ்சம் நேரம் தாங்கும். இன்னும் சரியாக நடக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவருக்கு ‘ஆனால்’ என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். அடுத்த மாதக் கடைசிக்குள் அவர் அதைச் சொல்லாமல் தலையாட்டினால்தான் நான் எழுதியது கைபேசிகளுக்குப் போய்ச் சேரும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், முன்னால் இல்லை.

அன்புடன்,
உங்கள் மகள்


ஜூன் 22

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று மாலையாகப் படித்தேன். முதல் மாலை எழுத்து புரிந்தது, இரண்டாம் மாலை அர்த்தம் புரிந்தது, மூன்றாம் மாலை எனக்கு மூளை வேலை செய்தது.

நம் விடுதியும் அப்படித்தானே இருக்கிறது! பஸ் நிலையத்தின் பக்கம் புது விடுதி வந்த பிறகு இங்கே பாதி காலி. இருக்கிறவர்கள் மூன்று மாடியிலும் சிதறிக் கிடக்கிறார்கள். மேல் மாடியில் மூன்று பேர்தான். அவர்களுக்காக நான் தினம் ஏறி, நடை முழுக்கப் பெருக்கி, தண்ணீர் திறந்து, விளக்குப் போட்டு, திரும்ப இறங்குகிறேன். அவர்களை முதல் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டால் மேல் மாடிக்குப் பூட்டு. அத்தனை படியும் இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை, வீட்டுக்கார அம்மாவுக்கும் பேச்சு இல்லை, உனக்கும் பேச்சு இல்லை.

உடனே ஆரம்பித்துவிட்டேன். மூவரில் கடைக்காரப் பையன் பெட்டியோடு தானே இறங்கி வந்துவிட்டான். ஓட்டுநர் விஷயத்தில்தான் கொஞ்சம் குழப்பம். அவர் வண்டிக்குப் போயிருந்த நேரத்தில் நானும் சமையல்காரரும் அவர் சாமானை முதல் மாடிக்கு இறக்கி, பாய் விரித்து, சட்டைகளை மாட்டி, அழகாக வைத்துவிட்டோம். அவரிடம் சொல்ல மறந்துபோனது.

மத்தியானம் அவர் வந்தார். தூக்கக் கலக்கத்தில் நேராக மேல் மாடி, பழைய அறை. திறந்தால் வெறும் கட்டில். “ஐயோ, திருடன் பூந்துட்டான்!” என்று ஒரு சத்தம். தெருவே கூடிவிட்டது.

நான் கீழேயிருந்து, “திருடன் இல்லப்பா, நான்தான் எடுத்தேன்” என்று கத்தினேன். தெருவில் நின்றவர்களுக்கு அது மட்டும்தான் கேட்டது. இஸ்திரிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவரே, நீங்களா இப்படி?” என்றார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆளை நகர்த்தும்போது இந்த மாதிரி ரகளை வந்தால் உன் கெர்னல் என்ன செய்யும்? இன்னொரு சந்தேகம். தூங்கப் போன தளம் எல்லாவற்றையும் மறந்துவிடுமா?

மற்றபடி மேல் மாடி கிட்டத்தட்ட காலி. கட்டுரை ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா


ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓட்டுநர் கதையைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்தேன். ‘ஆனால்’ எழுந்து வந்து என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே அன்றுதான் பார்த்தோம்.

கெர்னல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சாமானைத் தூக்குவதற்கு முன்னாலேயே பழைய கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடும். ‘ஆள் மாறிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் நில்லுங்கள்.’ தேடி வருகிறவர் அங்கேயே நிற்பார். மாற்றி முடித்ததும் புது அறை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடும். வந்தவருக்கு நடுவில் ஒன்று நடந்ததே தெரியாது. நீங்கள் சீட்டு ஒட்டவில்லை, அதுதான் வித்தியாசம்.

தூக்கத்தில் இரண்டு வகை. முழுதாக அணைத்தால் மறந்துவிடும். அதனால்தான் முதலில் ஆளைக் காலி செய்கிறோம். லேசான தூக்கம் என்றும் ஒன்று உண்டு. அதில் வெளியே யாரோடும் பேச்சு இருக்காது, ஆனால் உள்ளே இருப்பதைத் தானாகவே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். எழுப்பினால் பேச ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நாம் போனில் பேசாமல் இருந்த மாதங்கள் அந்த வகை என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘கிட்டத்தட்ட காலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் என்று நீங்களே சொன்னீர்கள். கடைக்காரப் பையன் ஒன்று, ஓட்டுநர் இரண்டு. மூன்றாவது ஆள் எங்கே?

கேட்பதற்குக் காரணம் உண்டு. எனக்கும் இங்கே அதே கதைதான். ஒரு தளத்தில் எல்லோரையும் கிளப்பிவிட்டேன். ஒரே ஒன்று மட்டும் கிளம்பவில்லை. அதன் மேல் ‘நகர்த்தாதே’ என்று ஒரு குறி போட்டிருக்கிறது. அந்தக் குறி இருந்தால் கெர்னல் கிட்டேயே போகாது. அந்த ஒன்றுக்காக ஒரு தளம் முழுக்க விழித்துக்கொண்டிருக்கிறது. “நல்லாத்தான் இருக்கு, ஆனால் அது தூங்கலையே” என்கிறார் நம் ஆள்.

மூன்றாவது ஆளைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 7

அன்புள்ள கண்ணுவுக்கு,

இன்று என் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். மேசை ஆடுகிறது.

நீ கணக்கில் புலி என்பதை மறந்துவிட்டேன். மூன்றாவது ஆள் நம் பல்லுக்காரர்தான். செயற்கைப் பல் செட் செய்பவர், மேல் மாடிக் கோடி அறை. அவரிடம் ஒரு மின்சார உலை இருக்கிறது. பல் வார்க்கும்போது அச்சில் இருக்கும் மெழுகு அதற்குள்தான் எரிந்து போக வேண்டுமாம். உலையைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கி, புகை போகச் சுவரில் குழாய் விட்டிருக்கிறார். அவரைப் பெயர்ப்பதும் கட்டடத்தைப் பெயர்ப்பதும் ஒன்று.

போய்ப் பேசிப் பார்த்தேன்.

“முதல் மாடியில காத்து நல்லா வருது, பாத்தீங்களா?” என்றேன்.

“காத்து எனக்கெதுக்கு? தடிச்ச வயரும் வெளிச்சுவரும் இருக்கா?”

“ஜன்னல் பெரிசு.”

“ஜன்னல்ல பல்லு வேகாதுங்க பெரியவரே.”

மனுஷர் கெட்டவர் இல்லை. எனக்குக் கீழ்வரிசைப் பல் இரண்டு அவர்தான் வைத்துவிட்டார், இன்றும் கல் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அவர் ஒருவருக்காகத் தினம் மேலே ஏற வேண்டியிருக்கிறது. நீ சொன்னது போல ஒரு தளமே முழித்துக்கொண்டிருக்கிறது.

கட்டுரையில் உன் கெர்னலைப் பற்றி நன்றாக வந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மா பதினைந்தாம் தேதிக்கு மேல் வந்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நீ கவலைப்படாதே.

அப்பா


ஜூலை 11

அப்பா,

மேசை ஆடவில்லை. கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஆடுகிற மேசையில் எழுதினால் இரண்டு பக்கமும் சாயும். நீங்கள் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

சமையல்காரருக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, “படியில வழுக்கிடுச்சும்மா, எலும்புக்கு ஒண்ணும் இல்லை, பல்லுக்காரர்தான் முதுகுல தூக்கிட்டு வந்தாரு, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார். சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி, வண்டியோடு வருகிறேன். பெட்டியைக் கட்டி வையுங்கள். வகுப்பு இங்கேயும் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். இதில் பேச்சு இல்லை.

கோபத்தில் ஒரு நல்ல செய்தியைச் சொல்ல மறக்கக் கூடாது. என் ‘நகர்த்தாதே’ தீர்ந்தது. அந்தக் குறியைப் பார்த்த எல்லோரும், நானும், ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று நம்பிவிட்டோம். யாரோ என்றோ போட்டது, தொடாதே என்று இருக்கிறது, தொடவில்லை. நேற்று எரிச்சலில் பக்கத்தில் எழுதியிருந்த குறிப்பை முழுதாகப் படித்தேன். ‘கம்ப்யூட்டர் விழித்து எழும் வரைக்கும் நகர்த்தாதே, பிறகு எடுத்துவிடலாம்’ என்று இருந்தது. பின்பாதியை யாருமே படிக்கவில்லை. குறியை எடுத்தேன். தளம் தூங்கிவிட்டது. ‘ஆனால்’ ரொம்ப நேரம் திரையையே பார்த்துவிட்டு, “சரி” என்றார்.

சனிக்கிழமை. மறக்க வேண்டாம்.

உங்கள் மகள்


ஜூலை 14

அன்புள்ள கண்ணுவுக்கு,

உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேராக இருக்கிறதா பார்.

உன் கடிதத்தில் வண்டி வரும் பகுதியை ஒரு தடவை படித்தேன். குறிப்பைப் பற்றிய பகுதியைப் பல தடவை படித்தேன். படிக்கப் படிக்க என் கண் கீழ்த்தளக் கதவு ஒன்றின் மேல் போய் நின்றது. சமையலறைக்குப் பக்கத்து அறை. முன்பு சலவை இயந்திரம் இருந்த இடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ அதைப் பிடித்துக்கொண்டு, ரேடியோவையும் மோட்டாரையும் பிரித்துப் போட்டு, கதவில் வெள்ளைப் பெயிண்டால் ஏதோ எழுதினாய். சமையல்காரர் படித்துச் சொன்னார், யாரும் உள்ளே வரக்கூடாது என்று. சரி, பிள்ளை சொன்னால் சொன்னதுதான் என்று நானும் வாசலோடு நின்றுகொண்டேன். நீ படிக்க வெளியூர் போனதும் பூட்டினேன். இன்றுவரை திறக்கவில்லை.

எழுத்து கற்றுக்கொண்ட பிறகு பஸ், கடை, மருந்து அட்டை எல்லாம் படித்தேன். அந்தக் கதவைப் படிக்கவில்லை. தெரிந்ததை யார் படிப்பார்கள்?

நேற்று கம்பை ஊன்றிக்கொண்டு போய் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

‘அப்பாவைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது.’

சமையல்காரரைக் கூப்பிட்டேன். “அன்னைக்கு என்னய்யா படிச்சுச் சொன்னே?”

“யாரும் உள்ளே வரக்கூடாதுன்னு.”

“முன்னாடி ஒண்ணு இருக்கே, அது?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அடுப்புல பால் இருந்துச்சுங்க. பொங்கிடுமேன்னு கடைசியை மட்டும் பாத்துட்டு ஓடிட்டேன்.”

அவரைத் திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிப்பும் வரவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல விதமாகத்தான் உட்கார்ந்தேன், பயப்படாதே.

பிறகு எனக்கு அனுமதி இருக்கிற அறைதானே என்று பூட்டைத் திறந்தேன். உன் சாமான் கூரை வரைக்கும். அதற்குப் பின்னால் வெளிச்சுவர். சலவை இயந்திரத்துக்குப் போட்ட தடித்த வயர் அப்படியே இருக்கிறது. பல்லுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைத் தட்டினார், வயரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இப்படி ஒரு ரூம் இருக்குன்னு ஏன் சொல்லலை?”

“நீங்க நகர மாட்டேன்னீங்களே.”

“நான் எப்போ சொன்னேன்? வயரும் சுவரும் இருக்கான்னுதானே கேட்டேன்? பல்லு வாங்க வர்ற பெரியவங்க மூணு மாடி ஏற முடியாம பாதியிலேயே திரும்பிப் போறாங்க. கீழே இடம் கிடைச்சா எனக்குக் கசக்குமா?”

அதனால், கண்ணு, சனிக்கிழமை அவசியம் வா. வண்டியைப் பெரிய வண்டியாகக் கொண்டு வா. என் பெட்டி சின்னது, அது இங்கேயே இருக்கட்டும். உன் சாமான்தான் நிறைய.

அப்பா


ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். என் வீட்டு நடையில் நாலு ரேடியோ, ரெண்டு மோட்டார், ஒரு மேசை விசிறி. உங்களை உட்கார வைக்கலாம் என்று நினைத்திருந்த இடத்தில் இப்போது ஒரு பழைய சலவைத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது.

பல்லுக்காரரின் உலை கீழே இறங்கியதும் வீட்டுக்கார அம்மா மேல் மாடியின் மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, “இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?” என்று உங்களைக் கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு “அப்ப நீங்களே இருங்க” என்றாரே, அப்போதும் பார்த்தேன். வண்டியில் வரும்போது வேலையை விடச் சொல்லி எப்படிச் சண்டை போடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது.

நேரில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். அந்தக் கதவில் எழுதியதைச் சமையல்காரர் உங்களுக்குப் படித்துச் சொன்ன பிறகு தினம் சாயந்திரம் உங்கள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். நீங்கள் வாசலில் டீ கிளாஸை வைத்துவிட்டு, “கண்ணு, டீ” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். நான் செய்வதைப் பார்க்க உங்களுக்கு ஆசை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி உங்களிடம் நானாக எதுவும் சொன்னதே இல்லை.

‘உள்ளே’ என்று வகுப்பில் சொன்னீர்களே. இனிமேல் கேளுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். எடுங்கள். ஆனால் கடிதத்தை நிறுத்தக் கூடாது.

உங்கள் மகள்


ஜூலை 29

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று வகுப்பில் கட்டுரையைப் படித்தேன். எழுந்து நின்று, சத்தமாக, யாரும் எடுத்துக்கொடுக்காமல். முடித்ததும் பக்கத்து பெஞ்சில் இருக்கும் பூக்காரம்மா, “அப்போ உங்க பொண்ணுக்கு எல்லாரையும் தூங்க வைக்கிறதுதான் வேலையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “என் பேரன் ரெண்டாவது மாடி, ராத்திரி தூங்கவே மாட்டேங்கறான். அனுப்பி வைக்கவா?” என்றாள். உன் முகவரியைக் கொடுக்கவில்லை.

மேல் மாடி நன்றாகத் தூங்குகிறது. முட்டியும் தேவலை. ஓட்டுநர் மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை மேலே போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நீ சொன்னபடி படிக்கட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். என் கையெழுத்து. அவருக்குப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறதாம்.

பல்லுக்காரர் கீழே வந்ததும் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க டப்பாவோடு நின்றார். நான் விடவில்லை.

“வர்றவங்க படிச்சிட்டு வெளியவே நிக்கறாங்க பெரியவரே. என் தொழில் என்ன ஆறது?”

“தட்டிட்டு வரச் சொல்லுங்க.”

“அப்போ நீங்க?”

“நான் எதுக்குத் தட்டணும்? எழுதியே இருக்கே.”

இப்போதெல்லாம் தினம் சாயந்திரம் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு தட்டாமல் உள்ளே போகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து, உலையில் பல் வேகிறதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருகிறேன். உன் ரேடியோ இருந்த இடத்தில் ஓர் ஆணி அப்படியே இருக்கிறது. என் கம்பை அதில்தான் மாட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தால் எடுக்கிறேன். முதல் கேள்வி தயாராக இருக்கிறது: மேலே தூங்குகிற தளத்துக்கு யாராவது புதிதாக வாடகைக்கு வந்தால், அதை எப்படி எழுப்புவாய்?

இப்படிக்கு,
அப்பா